அமெச்சூர் என்றால் கத்துக்குட்டியா? விவியன் உட்வர்டை முன்வைத்து ஒரு விளக்கம்

"ரொம்ப அமெச்சூர்த்தனமா இருக்கு" என்று தமிழில் யாராவது சொன்னால் அது பாராட்டு இல்லை. அரைகுறை, கத்துக்குட்டி வேலை என்று பொருள். இந்த அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு பழைய கால்பந்து வரலாற்றைப் படிக்கப் போனால் முதல் பக்கத்திலேயே வழி தவறிவிடும். 1903 முதல் 1911 வரை இங்கிலாந்தின் முதல்நிலை அணிக்காக 23 ஆட்டங்களில் 29 கோல் அடித்தவர் விவியன் உட்வர்ட். 1911-ல் அவர் விட்டுச்சென்ற அந்தக் கோல் கணக்கைத் தாண்ட இங்கிலாந்தில் 1958 வரை ஆளில்லை. அந்த உட்வர்ட் ஓர் அமெச்சூர். கால்பந்து ஆடியதற்காக வாழ்நாளில் சம்பளம் வாங்காதவர்.

அப்படியானால் அமெச்சூர் என்ற சொல் எதைக் குறித்தது? திறமையையா, பணத்தையா, குணத்தையா? இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அக்கால வீரர்களைப் பற்றி இவ்வளவு தவறான பேச்சு உலவுகிறது. அடியிலிருந்து பார்ப்போம்.

சபா நாடகமும் போட்டிக்குப் போகும் பேட்டாவும்

சென்னை சபாக்களில் அமெச்சூர் நாடகக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். பகலில் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை, மாலையில் மேடை. அவர்களின் நடிப்பு மட்டம் என்று யாரும் சொன்னதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு மேடையை நம்பியிருக்கவில்லை, அவ்வளவுதான். கால்பந்திலும் அமெச்சூர் என்ற சொல்லின் முதல் பொருள் இதுதான்.

ஆனால் பணம் வாங்காதவர் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. பக்கத்து ஊர்ப் போட்டிக்கு ஒரு நல்ல ஆட்டக்காரரைக் கூப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கு 120 ரூபாய், சாப்பாட்டுக்கு 80 ரூபாய் கொடுக்கிறீர்கள். இது பேட்டா; இதை யாரும் சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள். அவர் தினக்கூலி. அன்றைக்கு வேலைக்குப் போகாததால் இழந்த 700 ரூபாயையும் கொடுக்கிறீர்கள். இது சம்பளமா, நஷ்ட ஈடா? இங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது. அதற்கும் மேல் ஒரு கவரில் 500 ரூபாய் வைத்துக் கையில் திணித்தால், அவர் கூலிக்கு ஆடுபவர் ஆகிவிடுகிறார்.

இந்த மூன்று படிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: செலவுக்காசு, இழந்த கூலி, கவர். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கால்பந்து உலகம் வாதாடியது, கோட்டை எந்தப் படிக்குக் கீழே போடுவது என்பதைப் பற்றித்தான்.

எஃப்.ஏ. கோடு போட்ட கதை

1863-ல் லண்டனில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் உருவானது, எல்லோரும் எஃப்.ஏ. என்பார்கள். தொடங்கியபோது அமெச்சூர் என்ற பிரிவே தேவைப்படவில்லை. ஆடியவர்களில் பெரும்பாலோர் வசதியான பள்ளிகளில் படித்து வந்தவர்கள், ராணுவ அதிகாரிகள், வழக்கறிஞர்கள். 1871-72-ல் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பையின் முதல் இறுதி ஆட்டத்தில் வாண்டரர்ஸ் அணி, ராணுவப் பொறியாளர்களின் அணியான ராயல் எஞ்சினியர்ஸை 1-0 என்று வென்றது. இரண்டு பக்கமும் ஆட்டத்தை நம்பிப் பிழைத்தவர் எவரும் இல்லை.

மாற்றம் வடக்கேயிருந்து வந்தது. லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்துவிடும். பிற்பகல் ஆட்டம் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. வாசலில் டிக்கெட் விற்றுப் பணம் சேர்ந்தது. பணம் இருந்தால் நல்ல ஆட்டக்காரர் வேண்டும் என்ற ஆசை வராமல் இருக்குமா? ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஏட்டில் அவர்களுக்கு ஆலையில் ஒரு வேலை, உண்மையில் கிளப்பிடமிருந்து காசு.

1883 கோப்பை இறுதி ஆட்டத்தில் நெசவாளர்களும் நூற்பாலைத் தொழிலாளிகளும் பிளம்பரும் ஆடிய பிளாக்பர்ன் ஒலிம்பிக், ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள் அணியை 2-1 என்று வீழ்த்தியது. கோப்பை முதன்முறையாக வடக்கே போனது. என் பார்வையில் ஆங்கிலக் கால்பந்தின் போக்கு திரும்பிய நாள் அதுதான்.

மறுவருடம் பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் மேல் அப்டன் பார்க் என்ற லண்டன் கிளப் புகார் கொடுத்தது. பிரெஸ்டனை நடத்திய வில்லியம் சடெல் மறுக்கவில்லை. ஆமாம், நாங்கள் பணம் கொடுக்கிறோம், எல்லோரும் கொடுக்கிறார்கள் என்ற ரீதியில் ஒப்புக்கொண்டார். பிரெஸ்டனைக் கோப்பையிலிருந்து நீக்கினார்கள். வடக்குக் கிளப்புகள் தனிச் சங்கம் தொடங்கப் போவதாக மிரட்டின. கடைசியில் 1885 ஜூலை 20-ல் எஃப்.ஏ. இறங்கிவந்து, பணம் வாங்கி ஆடுவதைச் சட்டபூர்வமாக்கியது.

அப்போது போட்ட கோடு இது: பயணத்துக்கும் தங்குவதற்கும் உண்மையில் ஆன செலவுக்கு மேல் எந்த வகையில் எதைப் பெற்றாலும் அவர் தொழில்முறை வீரர். அதாவது ஆட்டத்துக்காக ஊதியம் பெறுபவர் என்று சங்கத்தில் பெயர் பதிந்தவர். மற்றவர் அமெச்சூர். நம் உதாரணத்தில் சொன்னால், முதல் படி வரைக்கும்தான் அனுமதி. இழந்த கூலியை வாங்கினால்கூடக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவீர்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அமெச்சூர் என்பது ஒரு பதிவேட்டுப் பிரிவு. அந்தப் பதிவேட்டில் ஆட்டத் திறனுக்கு என்று ஒரு கட்டமே கிடையாது.

பதிவு ஒரு வீரரின் வாழ்க்கையில் என்ன செய்தது

பணம் வரும், வராது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இருந்திருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. தொழில்முறை வீரர் கிளப்பின் பிடியில் இருந்தார். அமெச்சூர் இல்லை.

1888-ல் 12 கிளப்புகள் சேர்ந்து ஃபுட்பால் லீக் தொடங்கின. 1893-ல் லீக் கொண்டுவந்த விதி இப்படி வேலை செய்தது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கிளப், தான் தக்கவைத்துக்கொள்ளும் வீரர்களின் பட்டியலைத் தரும். அதில் பெயர் இருக்கும் வரை அந்த வீரர் வேறு எந்த லீக் கிளப்புக்கும் ஆட முடியாது. ஒப்பந்தம் முடிந்திருந்தாலும் இதுதான் நிலை. வேறு கிளப் அவரை விரும்பினால் பழைய கிளப்புக்கு மாற்றுத் தொகை கட்ட வேண்டும். 1905-ல் சண்டர்லாந்திடமிருந்து ஆல்ஃப் காமனை வாங்க மிடில்ஸ்பரோ கட்டிய 1,000 பவுண்ட் அன்று நாடெங்கும் பேச்சானது. வீரரின் சம்பளமோ 1901 முதல் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு. ஆயிரம் பவுண்ட் கைமாறிய ஓர் ஆட்டக்காரர் வாரம் நான்கு பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது என்பதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

அமெச்சூருக்கு இந்தத் தளை கிடையாது. அவரை விற்கவோ வாங்கவோ முடியாது. வேலை இருந்தால் இந்த வாரம் வரமாட்டேன் என்று சொல்லலாம். இன்னொன்றும் உண்டு. 1885 விதிகளின்படி தொழில்முறை வீரர் சங்கத்தின் குழுக்களில் உட்கார முடியாது. சங்கக் கூட்டத்தில் தன் கிளப்பின் சார்பில் பேசவும் முடியாது. ஆட்டத்தை விதிப்பவர்கள் ஒரு வர்க்கம், ஆடி உழைப்பவர்கள் இன்னொரு வர்க்கம் என்று பிரிந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

உட்வர்டின் பாதை

விவியன் ஜான் உட்வர்ட் 1879 ஜூன் 3-ல் லண்டனின் கென்னிங்டன் பகுதியில் பிறந்தார். தொழில் கட்டிடக் கலை. எசெக்ஸ் பக்கம் கிளாக்டன், செம்ஸ்ஃபோர்ட் போன்ற ஊர் கிளப்புகளில் ஆடி வளர்ந்து, 1901-ல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பருக்கு வந்தார். ஆரம்பப் பருவங்களில் அவர் பல ஆட்டங்களுக்கு வரவில்லை. காயம் எதுவும் இல்லை, அலுவலக வேலைதான் காரணம். ஒரு தொழில்முறை வீரர் இப்படிச் சொல்லியிருந்தால் அவர் கதை முடிந்திருக்கும்.

1903 பிப்ரவரி 14-ல் அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் இங்கிலாந்துக்காக முதன்முதலில் இறங்கி இரண்டு கோல் போட்டார், ஆட்டம் 4-0. அவர் மத்திய முன்கள வீரர். ஆனால் பந்து வருமென்று கோல் வாசலில் காத்து நிற்பவர் இல்லை. பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்கி, பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளி, மறுபடி வாங்கி முன்னேறுவார். அக்காலத்தில் எதிராளியைத் தோளால் மோதித் தள்ளுவது முழுக்கச் சட்டபூர்வம். ஒல்லியான அவரைத் தடுப்பாளர்கள் அடிக்கடி மோதித்தான் நிறுத்தப் பார்த்தார்கள். அவர் அதற்குத் தன் ஆட்டத் திறமையாலேயே பதில் சொன்னார்.

1908 ஜூனில் இங்கிலாந்தின் முதல்நிலை அணி முதன்முறையாகப் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே பயணம் போனது. வியன்னாவில் ஆஸ்திரியாவை இரண்டு நாள் இடைவெளியில் 6-1, 11-1 என்று வென்றது. தலைவர் உட்வர்ட். கூட ஆடியவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள். அவர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ ஆடக்கூடியவராக இல்லாவிட்டால் அந்தத் தலைமைக்கு வந்திருக்க முடியாது.

அதே ஆண்டு செப்டம்பரில் டாட்டன்ஹாம் ஃபுட்பால் லீக்கில் நுழைந்தது. லீக்கில் அந்தக் கிளப்பின் முதல் கோல், உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸுக்கு எதிராக, உட்வர்டுடையது. பருவ முடிவில் அணி முதல் பிரிவுக்கு ஏறியது. உடனே உட்வர்ட் பெரிய கிளப் ஆட்டம் போதும் என்று விலகி, செம்ஸ்ஃபோர்டில் ஆடப் போனார். சில மாதங்களில் காயங்களால் திணறிக்கொண்டிருந்த செல்சி கூப்பிட்டது; 1909 நவம்பரில் சேர்ந்துவிட்டார். ஆல்ஃப் காமனுக்கு 1,000 பவுண்ட் தேவைப்பட்ட காலத்தில், நாட்டின் முதன்மையான முன்கள வீரர் ஒரு காசு கைமாறாமல் கிளப் மாறினார். அமெச்சூர் பதிவு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1915-ல் செல்சி முதன்முறையாக எஃப்.ஏ. கோப்பை இறுதிக்கு வந்தது. அப்போது உட்வர்ட் ராணுவத்தில் இருந்தார். ஆட்டத்துக்கு விடுப்பும் கிடைத்தது. அணிக்குள் நுழைந்தால் பாப் தாம்ஸன் வெளியே போக வேண்டும். அணியை இறுதி வரை கொண்டுவந்தவர்களில் தாம்ஸனும் ஒருவர்; காயத்திலிருந்து அப்போதுதான் தேறியிருந்தார். அவர்தான் ஆட வேண்டும் என்று உட்வர்ட் ஒதுங்கிக்கொண்டார். செல்சி 3-0 என்று ஷெஃபீல்ட் யுனைட்டெடிடம் தோற்றது. உட்வர்டுக்கு எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆடும் வாய்ப்பு பிறகு வரவே இல்லை. கால்பந்து வீரர்களைக் கொண்ட மிடில்செக்ஸ் ரெஜிமெண்டின் 17-ஆம் பட்டாலியனில் இருந்தபோது, 1916 ஜனவரியில் கையெறி குண்டு வெடித்துக் காலில் காயம். பெரிய ஆட்டத்துக்கு அவர் திரும்பவில்லை. எசெக்ஸில் விவசாயம் பார்த்தார். 1922 முதல் 1930 வரை செல்சியின் இயக்குநர்களில் ஒருவர். 1954 ஜனவரி 31-ல் காலமானார்.

பட்டியலைப் படிக்கும்போது எங்கே தவறு நேர்கிறது

உட்வர்டின் கோல் கணக்கு இடத்துக்கு இடம் வேறுபடும். காரணம் எளிது: அக்காலத்தில் இங்கிலாந்துக்கு இரண்டு தேசிய அணிகள் இருந்தன.

1900-களில் முதல்நிலை அணி கிட்டத்தட்ட முழுக்கத் தொழில்முறை வீரர்களால் நிரம்பிவிட்டது. அதனால் அமெச்சூர்களுக்கென்றே எஃப்.ஏ. தனி அணி அமைத்தது. 1906 நவம்பர் 1-ல் பாரிஸில் நடந்த அதன் முதல் ஆட்டத்தில் பிரான்ஸை 15-0 என்று தோற்கடித்தது. உட்வர்ட் இரண்டு அணிகளுக்கும் ஆடினார். 23 ஆட்டம், 29 கோல் என்பது முதல்நிலை அணிக் கணக்கு மட்டும். அமெச்சூர் அணிக்காக அடித்தவை தனி ஏடு. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருபவர்கள் உண்டு. அப்படி ஓர் எண்ணைக் கண்டால் நம்பும் முன் பிரித்துப் பாருங்கள்.

ஒலிம்பிக் இன்னும் கொஞ்சம் சிக்கல். அங்கே அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம் என்பதால், பிரிட்டன் என்ற பெயரில் போனது இங்கிலாந்தின் அமெச்சூர் அணிதான். உட்வர்டின் தலைமையில் 1908 லண்டனிலும் 1912 ஸ்டாக்ஹோமிலும் தங்கம் வென்றது. இரண்டு இறுதியிலும் எதிரணி டென்மார்க்; முடிவு 2-0, 4-2. லண்டன் இறுதியின் இரண்டாவது கோல் உட்வர்டுடையது. டென்மார்க்கிடம் அப்போது இருந்தது ஒரே அணி. ஆகவே டென்மார்க் அந்த ஆட்டங்களை முழு சர்வதேச ஆட்டங்களாகவே எண்ணுகிறது, இங்கிலாந்து எண்ணுவதில்லை. ஒரே ஆட்டம் ஒரு பக்கத்தின் ஏட்டில் இருக்கும், மறுபக்கத்தின் ஏட்டில் இருக்காது. 1908 டென்மார்க் அணியில் ஆடியவர்களில் ஒருவர் ஹரால்ட் போர்: கணித மேதை, இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தம்பி. அமெச்சூர் அணி என்றால் எப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சுருக்கம்: பழைய வீரர் எவரின் கணக்கைப் பார்த்தாலும், முதல்நிலை அணியா, அமெச்சூர் அணியா, ஒலிம்பிக்கா என்று முதலில் கேளுங்கள்.

அமெச்சூராக இருக்க யாரால் முடிந்தது?

அமெச்சூர்கள் பணத்தாசை இல்லாத உத்தமர்கள், மற்றவர்கள் காசுக்கு ஆடியவர்கள் என்று எழுதுவோர் இன்றும் இருக்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. உட்வர்டின் நல்ல குணத்துக்கு 1915 ஒன்றே சாட்சி. ஆனால் அவர் சம்பளமின்றி ஆட முடிந்ததற்குக் காரணம் அவருடைய தொழில் வருமானம். வெளியூர் ஆட்டத்துக்குப் போக சனிக்கிழமை காலை வேலையை விடும் நெசவாளிக்கு அரைநாள் கூலி போய்விடும். அந்த இழப்பைக்கூட ஈடுகட்டக் கூடாது என்ற விதி, ஏழையைப் பார்த்து "நீ அமெச்சூராக இருக்க முடியாது" என்று சொன்னதற்குச் சமம். ஆலைத் தொழிலாளி கூலி வாங்கியது பேராசையால் அல்ல. வீட்டில் அடுப்பெரிய வேண்டும்.

அமெச்சூர்களுக்குள்ளும் ஒரே எண்ணம் இல்லை. 1882-ல் தொடங்கிய காரிந்தியன் கிளப், நேர்மையின் உச்சமாகத் தன்னைக் கருதியது. 1891-ல் பெனால்டி உதை விதி வந்தபோது, கனவான் வேண்டுமென்றே தவறு செய்வான் என்று சந்தேகிப்பதே அவமானம் என்று அந்த வட்டத்தில் கொதித்தார்கள். 1907-ல் மாவட்டச் சங்கங்கள் தொழில்முறைக் கிளப்புகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எஃப்.ஏ. வற்புறுத்தவே, ஒரு பிரிவினர் வெளியேறித் தனி அமெச்சூர் சங்கம் வைத்து 1914 வரை ஒதுங்கியிருந்தார்கள். உட்வர்ட் அந்தப் பக்கம் போகவில்லை. சம்பளக்காரர்களோடு தோளோடு தோள் நின்று தொடர்ந்து ஆடினார்.

கோடு அழிந்தது எப்படி

பணம் கொடுக்காதே என்று விதி போட்டால் பணம் மறைந்து போகும், நின்றுவிடாது. பூட்ஸுக்குள் சில்லறை வைப்பது, செலவுக் கணக்கை ஊதிக் காட்டுவது, பெயருக்கு ஒரு வேலை தருவது என்று வழிகள் முளைத்தன. இப்படி ஏட்டில் அமெச்சூராகவும் நடைமுறையில் சம்பளக்காரராகவும் இருப்பவரைக் கள்ள அமெச்சூர் என்று இங்கே குறிப்பிடுகிறேன். நாடுகளே இதைச் செய்தன. 1952 ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹங்கேரியின் புஷ்காஷ் பதவியால் ராணுவ அதிகாரி. அன்றாட வேலை பந்துதான். நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை வாங்கி அலுவலக அணிக்கு ஆடுபவரை நினைத்துக்கொண்டால் அந்த அமைப்பு எளிதில் புரியும். ஒரு வித்தியாசம்: நம்மவர்கள் அதை மறைப்பதில்லை.

இழந்த கூலி என்ற அந்த இரண்டாவது படி சர்வதேச அளவிலும் வெடித்தது. அதைக் கொடுக்கலாமா கூடாதா என்ற தகராறில்தான் 1928-ல் பிரிட்டிஷ் சங்கங்கள் ஃபிஃபாவை விட்டு வெளியேறின. அதே ஆண்டு, எல்லா வீரர்களும் ஆடக்கூடிய சொந்தப் போட்டி ஒன்று நடத்த ஃபிஃபா முடிவெடுத்தது. 1930-ல் உருகுவேயில் முதல் உலகக் கோப்பை நடந்தது.

ஒலிம்பிக் மட்டும் பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டால் இந்தியா போன்ற நாடுகளுக்கு ஒரு வாசல் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர் டாலிமெரன் ஆவ், மருத்துவ மாணவர். வீரர்களில் பலர் பூட்ஸ் போடாமல் ஆடினார்கள். இல்ஃபோர்ட் என்ற ஊரில் பிரான்ஸுக்கு எதிராக நம் அணி இரண்டு பெனால்டியைத் தவறவிட்டது; சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார்; 2-1 என்று தோற்றோம். ஒலிம்பிக் கால்பந்தில் சுதந்திர இந்தியாவின் முதல் கோல் அது.

இங்கிலாந்தில் கோடு 1974-ல் அழிந்தது. அந்த ஏப்ரலில் வெம்ப்ளியில் கடைசி எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்ட் 4-1 என்று வென்றது. தோற்ற அணி, ராமன் கோல் அடித்த அதே ஊரான இல்ஃபோர்டின் அணி. அந்தப் பருவத்தோடு எஃப்.ஏ. பதிவேட்டில் அமெச்சூர் என்ற பிரிவை நீக்கியது. அதன்பின் அங்கே பதியப்பட்டவர்கள் எல்லோரும் வெறுமனே வீரர்கள்.